கட்டிங் முடிந்து பல்க்கிங் தொடங்கும்போது கலோரியை எவ்வளவு ஏற்றுவது? கணக்கு உங்கள் நோட்டிலேயே இருக்கிறது

கேள்வி: வயது 28, உயரம் 172 செ.மீ., மூன்று வருடமாக ஜிம் போகிறேன். 16 வாரம் கட்டிங் (சாப்பாட்டைக் குறைத்துக் கொழுப்பை இறக்கும் கட்டம்) செய்து 80 கிலோவிலிருந்து 71.5-க்கு வந்திருக்கிறேன். இப்போது நோட்டில் எழுதி அளந்து தினமும் 1750 கலோரி. கடைசி மூன்று வாரத்தில் சுமார் ஒரு கிலோ இறங்கியது. இனி பல்க், அதாவது தசை போடக் கூடுதலாகச் சாப்பிட்டு எடை ஏற்றும் கட்டம். நாளையிலிருந்தே 3000 சாப்பிடு என்கிறார் ஜிம் டிரெய்னர். வாரத்துக்கு 50 கலோரிதான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் அத்தனையும் கொழுப்பாகிவிடும் என்கிறான் நண்பன். தை மாதம் தங்கை கல்யாணம். அதற்குள் இன்னொரு கட்டிங்கும் முடிக்க வேண்டும். எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்:

தம்பி, இரண்டு பேர் சொல்வதும் வேண்டாம். உங்களுக்கு வேண்டிய எண்ணை நீங்களே கேள்வியில் எழுதிவிட்டீர்கள். மூன்று வாரத்தில் ஒரு கிலோ இறங்கியது என்கிறீர்களே, அதுதான்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7700 கலோரி இருக்கிறது. மூன்று வாரம் என்றால் 21 நாள். 7700-ஐ 21-ஆல் வகுத்தால் 367. அதாவது தினமும் சுமார் 350 கலோரி பற்றாக்குறையில் இருந்திருக்கிறீர்கள். சாப்பிட்டது 1750. ஆக இன்றைய தேதியில் உங்கள் எடை ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டுமானால் 2100 கலோரி வேண்டும். இதுதான் உங்கள் மெயின்டெனன்ஸ்.

இப்போது இதே கேள்வியை ஏதாவது ஒரு ஆப்பிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை 1990-ல் வந்த மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகின்றன. எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, ஆணுக்கு ஐந்து கூட்டுவார்கள். உங்களுக்கு 1655 வரும்; சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு ஒரு நாள் ஆகும் செலவு இது. நடுத்தர உழைப்பு என்று 1.55-ஆல் பெருக்கினால் 2565. உங்கள் நோட்டு 2100 என்கிறது, ஆப் 2565 என்கிறது. நடுவில் 465 கலோரி. ஆப்பை நம்பி, அதன் மேல் பல்க்குக்காக 500 ஏற்றினால் 3065. உங்கள் டிரெய்னர் சொன்ன 3000 இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த 465 எங்கே போனது? இரண்டு இடத்தில் தேட வேண்டும்.

ஒன்று, உங்கள் உடம்பு சிக்கனமாகியிருக்கிறது. 1995-ல் லைபெல், ரோசன்பாம், ஹிர்ஷ் ஆகியோர் நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஆட்களைத் தங்க வைத்து, உணவை அளந்து கொடுத்து ஆராய்ந்து எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. எடையில் 10 சதவீதம் குறைத்தவர்களுக்கு, உடம்பு சிறிதானதால் குறைய வேண்டிய செலவைக் காட்டிலும் அதிகமாகவே செலவு குறைந்தது. பருமன் இல்லாதவர்களுக்கு, கொழுப்பு நீக்கிய உடல் எடையில் கிலோவுக்குச் சராசரியாக 6 கலோரி. நீங்கள் குறைத்ததும் 10 சதவீதத்துக்குச் சற்று மேல்தான். உங்களுக்குக் கொழுப்பு நீங்கலாக 60 கிலோ இருக்கும் என்று வைத்தால் 360 கலோரி. இது சராசரிதான், ஆளுக்கு ஆள் நிறைய மாறும். ஆனாலும் உங்கள் இடைவெளியில் பெரும்பகுதி எங்கிருந்து வந்திருக்கலாம் என்பது தெரிகிறது. கட்டிங் கடைசி வாரங்களில் லிஃப்டுக்காகக் காத்து நின்றிருப்பீர்கள், கடைக்கு நடக்காமல் வண்டி எடுத்திருப்பீர்கள், உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மனம் வந்திருக்காது. சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். குறைவான தீனியில் உடம்பு செலவைப் பிடித்தம் செய்கிறது, அவ்வளவுதான்.

இரண்டு, எழுதாமல் விட்டது. தாளித்த எண்ணெய், ருசி பார்த்த ஒரு வாய், டீயில் போட்ட சர்க்கரை. எல்லோருக்கும் இது உண்டு. ஆனால் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். படி கொஞ்சம் சின்னதாக இருந்தாலும், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் அதே படியால் அளந்தால் கணக்கு தப்பாது. நீங்கள் தினமும் 150 கலோரியை எழுத மறக்கிறீர்கள் என்றால், உங்கள் 1750-ம் உண்மையில் 1900, உங்கள் 2100-ம் உண்மையில் 2250. இரண்டிலும் அதே பிழை. 350 ஏற்றினால் 350-தான் ஏறும். ஆப்பின் எண்ணை விட உங்கள் நோட்டின் எண்ணை நான் நம்பச் சொல்வது இதனால்தான். ஒரே நிபந்தனை, படியை மாற்றக் கூடாது. கட்டிங்கில் வீட்டுச் சோறு, பல்க்கில் ஹோட்டல் பரோட்டா என்று போனால் படி மாறிவிட்டது. பழைய கணக்கு செல்லாது.

சரி, 2100-க்கு எப்படிப் போவது? நேராகப் போங்கள். நாளைக்கே. நண்பர் சொன்னபடி வாரத்துக்கு 50 என்று ஏற்றினால் 2100-ஐத் தொட ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் நீங்கள் பற்றாக்குறையில்தான் இருப்பீர்கள். முதல் வாரம் தினம் 300, அடுத்த வாரம் 250 என்று கூட்டிப் பாருங்கள், மொத்தம் 7350 கலோரி வரும். பல்க் ஆரம்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு கிலோவை இழப்பீர்கள். வெயிட் தூக்கத் தெம்பு இருக்காது, தூக்கம் சரியாக வராது, பசி அடங்காது. மெதுவாக ஏற்றினால் மெட்டபாலிசம் ஏறும் என்பதைத் தாங்கிப் பிடிக்க நல்ல ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. செலவு ஏறுவது சாப்பாடு ஏறுவதால். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் அதுவும் தள்ளிப்போகும்.

350 கலோரி என்பது கண்ணுக்கு எவ்வளவு தெரியுமா? 100 கிராம் அரிசி. வேகாத அரிசி. சமைத்தால் 280, 300 கிராம் சோறு ஆகும். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சோற்றை எடைபோட்டு எழுதுகிறவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். வடித்த சோறும் குக்கர் சோறும் ஒரே எடையில் ஒரே கலோரி கிடையாது. பழைய அரிசி கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், புது அரிசி குழையும். அரிசியை உலையில் போடும் முன் தராசில் வையுங்கள்; வீட்டுக்கே சமைக்கும் பானை என்றால் மொத்த அரிசியையும் எழுதி, வெந்த பிறகு மொத்தச் சோற்றில் உங்கள் தட்டுக்கு எத்தனை பங்கு வந்தது என்று பாருங்கள். இரண்டு நாள் செய்தால் கரண்டிக் கணக்கே கைக்கு வந்துவிடும். இந்த 100 கிராமில் பாதியை மதியத்திலும் பாதியை ஜிம் முடிந்து வந்த சாப்பாட்டிலும் சேருங்கள். கட்டிங்கில் உங்கள் தட்டில் அதிகம் குறைந்தது மாவுச்சத்தாகத்தான் இருக்கும். முதலில் அதுவே திரும்ப வரட்டும்.

இனி வருவதுதான் பலரும் தடுமாறும் இடம். 2100-க்குப் போன பத்து நாளில் உங்கள் எடை ஒன்று, ஒன்றரை, சில பேருக்கு இரண்டு கிலோ கூட ஏறும். பயப்படாதீர்கள்.

நான் வழிகாட்டிய ஒருவர் ஒன்பதாம் நாள் காலையில் தராசின் படத்தை அனுப்பினார். 1.8 கிலோ ஏறியிருந்தது. "அண்ணே, பதினாறு வாரம் பட்டினி கிடந்தது வீணாப் போச்சு" என்று எழுதி, அன்றைக்கே பழைய 1700-க்குத் திரும்பிவிட்டார். அவரை உட்கார வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். 1.8 கிலோ கொழுப்பு ஏற வேண்டுமென்றால் 13,860 கலோரி மிச்சமாக வேண்டும். ஒன்பது நாளுக்கு வகுத்தால், மெயின்டெனன்ஸுக்கு மேல் தினமும் 1540. அவர் ஏற்றியதே 400. அப்புறம் எப்படிக் கொழுப்பாகும்? ஏறியது கிளைகோஜன். தசையும் கல்லீரலும் மாவுச்சத்தைச் சேமிக்கும் வடிவம் அது. அதில் ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்து வைக்கும். கட்டிங்கில் வற்றிய தொட்டி நிரம்பியிருக்கிறது. குடலில் உணவின் எடையும் கூடியிருக்கிறது, உப்பும் கூடியிருக்கிறது. இடுப்பை அளக்கச் சொன்னேன்; நூல் கூட நகரவில்லை. ஸ்குவாட்டில் (தோளில் பாரத்தோடு உட்கார்ந்து எழும் பயிற்சி) அந்த வாரமே கூடுதலாக இரண்டு ரெப், அதாவது இரண்டு தடவை, போட்டார்.

ஆகவே உங்கள் பல்க்கின் தொடக்க எடை 71.5 அல்ல. பதினான்கு நாள் கழித்து எடை எங்கே நிற்கிறதோ, அது. 73 என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்க்கில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதை 73-லிருந்து எண்ணுங்கள்.

எடை பார்ப்பதிலும் ஒழுங்கு வேண்டும். காலையில் கழிப்பறை போய் வந்து, தண்ணீர் கூடக் குடிக்காமல், அதே தராசில், தராசை அதே தரையில் வைத்து. தினமும். ஒரு நாள் எண்ணுக்கு அர்த்தமில்லை, ஏழு நாள் சராசரிக்குத்தான் அர்த்தம். நான் இன்றும் நோட்டில்தான் எழுதுகிறேன். இடதுபுறம் எடை, அடுத்து கலோரி, அடுத்து ஸ்டெப்ஸ் (நடந்த அடிகள்), வலது ஓரத்தில் ஒரே வார்த்தையில் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை கீழே கோடு போட்டு முதல் மூன்றுக்கும் சராசரி. பெண்களுக்கு மாதவிடாய் சுழற்சியில் எடை ஒன்றிரண்டு கிலோ கூட ஏறி இறங்கலாம். அவர்கள் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்தின் இதே நாட்களோடு ஒப்பிட வேண்டும்.

மூன்று வாரம் மெயின்டெனன்ஸில் இருங்கள். இதை வீணான காலம் என்று நினைக்க வேண்டாம். கட்டிங் முடித்த உடனே பசி இயல்புக்கு வராது. மெல்போர்னில் நடந்து 2011-ல் வெளியான ஆய்வில், எடை குறைத்து ஒரு வருடம் ஆன பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வராமல் இருந்தன. அதற்கும் முன்னால், 1944 - 45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஏன்செல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். மறுபடி இஷ்டம்போல் சாப்பிட விட்டபோது வயிறு முட்டத் தின்ற பிறகும் பசிக்கிறது என்றார்கள். தசை திரும்புவதற்கு முன்பே கொழுப்பு திரும்பியது. கட்டிங் முடிந்த கையோடு கட்டுப்பாடே இல்லாத பல்க்கில் இறங்குகிறவர்களுக்கு நடப்பதும் இதுதான். எனக்கும் நடந்திருக்கிறது. என் முதல் கட்டிங் முடிந்ததும் அளவு பார்ப்பதை விட்டுவிட்டேன், பத்து வாரத்தில் ஒன்பது கிலோ ஏறினேன். பெஞ்ச் பிரஸ்ஸில் (படுத்தபடி பாரத்தை மேலே தள்ளும் பயிற்சி) கூடியது ஐந்து கிலோ. அந்தக் கொழுப்பை இறக்க மறுபடி நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் தசை வளர்த்திருக்கலாம்.

மூன்று வாரம் முடியும்போது 2100-ல் எடை 73-லேயே நிற்கிறதா, அல்லது மெல்ல இறங்கப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலும் இறங்கப் பார்க்கும். ஏனென்றால் உடம்பு சிக்கனத்தைத் தளர்த்தத் தொடங்கும், நடை கூடும், ஜிம்மில் தூக்கும் பாரம் கூடும். அப்போது 2200, 2250 என்று சரிசெய்யுங்கள். புது மெயின்டெனன்ஸ் 2250 என்று வையுங்கள்.

இதற்கு மேல் எவ்வளவு? மூன்று வருடம் பயிற்சி எடுத்த, ஸ்டீராய்டு போடாத இயற்கையான உடம்பு மாதத்துக்கு அரைக் கிலோ தசை போட்டாலே அது நல்ல மாதம். அதனால் வாரம் 200 கிராம் எடை ஏறினால் போதும் என்பது என் கருத்து. 0.2-ஐ 7700-ஆல் பெருக்கி ஏழால் வகுத்தால் 220 கலோரி. 2250-உடன் 220, ஏறக்குறைய 2470. இவ்வளவுதான் பல்க். 3000 சாப்பிட்டால் தசை வேகமாக வருமா? நார்வேயில் கார்தே என்ற ஆய்வாளரும் சகாக்களும் முன்னணி விளையாட்டு வீரர்களை வைத்துப் பார்த்து 2013-ல் வெளியிட்டார்கள். ஒரு குழு தாராளமாக, தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டது. மற்ற குழு தன் விருப்பப்படி. தசையில் இரு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கொழுப்பு மட்டும் ஒரு குழுவில் 3 சதவீதமும், கூடுதலாகச் சாப்பிட்ட குழுவில் 15 சதவீதமும் ஏறியிருந்தது. புதிதாக ஜிம்முக்கு வருகிறவர், ஒல்லியானவர், இருபது வயதுப் பையன் என்றால் 300, 400 கூடுதலாக வைக்கலாம். உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் ஜிம்மில் 3500, 4000 என்று சாப்பிட்டு வயிறு தட்டையாக இருப்பவர்களும் இருக்கலாம். சிலர் ஸ்டீராய்டு ஊசி போடுகிறவர்கள். அவர்கள் உடம்பு வேறு விதியில் வளர்கிறது; அவர்கள் சாப்பாட்டைப் பார்த்து நீங்கள் சாப்பிட்டால் தொப்பைதான் வரும். அந்த ஊசிப் பக்கம் போகவும் வேண்டாம். இதை உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்கிறேன்.

இயல்பாகவே அப்படி இருக்கிறவர்களும் உண்டு. 1999-ல் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு 0.36 கிலோ. இன்னொருவருக்கு 4.23 கிலோ. உடற்பயிற்சி அல்ல, உட்காருவது, எழுவது, காலாட்டுவது, நடப்பது ஆகிய சில்லறை அசைவுகள்தான் வித்தியாசத்துக்குக் காரணம். கூடுதல் சாப்பாட்டைச் சிலர் அறியாமலே அசைந்து எரித்துவிடுகிறார்கள். நீங்கள் எந்த ரகம் என்பதை 2470-ல் இரண்டு வாரம் இருந்தால்தான் தெரியும். இரண்டு வாரச் சராசரியில் வாரம் 200 கிராம் ஏறியிருந்தால் கை வைக்காதீர்கள். 100 தான் ஏறியது என்றால் 110 கலோரி கூட்டுங்கள். 300 ஏறியிருந்தால் 110 குறையுங்கள். நூறு கிராம் வித்தியாசத்துக்கு நூற்றுப்பத்துக் கலோரி. இந்தக் கணக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்றே. இரண்டு வாரம் ஆகும் முன் எதையும் மாற்ற வேண்டாம்.

புரோட்டீனை மட்டும் எந்தக் கட்டத்திலும் அசைக்காதீர்கள். கிலோவுக்கு 1.6 கிராம் போதும் என்பதுதான் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்வது. கட்டிங்கில் 2 வரை வைப்பது நல்லது. நீங்கள் வருடம் முழுக்க 130 கிராம் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். மாறுவது சோறும் எண்ணெயும்தான். புரட்டாசியில் உங்கள் வீட்டில் அசைவம் கிடையாது என்றால், பல்க்கின் நடுவில் ஒரு மாதம் கோழியும் முட்டையும் நின்றுபோகும். இப்போதே யோசித்து வையுங்கள். சோயா சங்க்ஸ் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரோட்டீன், சுமார் 345 கலோரி. அதோடு தயிர், பனீர், சுண்டல், வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரோட்டீன் பவுடர்) என்று பிரித்தால் 130 வந்துவிடும். பனீரை மட்டும் நம்பினால் அதிலுள்ள கொழுப்பிலேயே அந்த 220 கலோரியும் கரைந்துவிடும்.

220 கலோரி எவ்வளவு சின்ன எண் என்பதைச் சொல்ல வேண்டும். எண்ணெய் கிராமுக்கு 9 கலோரி. 25 கிராம் எண்ணெயில் உங்கள் முழு பல்க்கும் அடங்கிவிடுகிறது. வீட்டில் ஒரு பரிசோதனை செய்யுங்கள். ஞாயிறு காலை எண்ணெய் பாட்டிலைத் தராசில் வைத்து எழுதுங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி வையுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் வாரத்துக்கு ஒரு கிலோ செலவானால் (பொரித்து மிஞ்சியதைக் கழித்துவிட்டு), தலைக்கு நாளொன்றுக்கு 35 கிராம், 320 கலோரி. அம்மாவிடம் போய் எண்ணெயைக் குறையுங்கள் என்று சொல்லத் தேவையில்லை, அந்த 320-ஐ நோட்டில் எழுதுங்கள், போதும். அதேபோல் பால். நீலப் பாக்கெட் பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. அரை லிட்டருக்கு 15 கிராம் கொழுப்பு வித்தியாசம், 135 கலோரி. பல்க்கில் பாக்கெட் நிறத்தை மாற்றி, ஒரு வாழைப்பழம் சேர்த்தாலே 220 வந்துவிடும். இப்படி ஏற்றுவதுதான் எனக்குப் பிடிக்கும். மற்ற எல்லாம் அப்படியே இருக்க, ஒன்றோ இரண்டோ மட்டும் மாறும். எது என்ன செய்தது என்று தெரியும்.

எப்போது நிறுத்துவது என்பதற்குத் தராசை விட இடுப்பு நாடா நல்ல வழிகாட்டி. நம் ஊர் உடம்புக்கு இது முக்கியம். 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், பிரிட்டனின் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 22.3. யாஜ்னிக்குக்கு உடல் கொழுப்பு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1. அதே எடையில் நமக்குக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இடுப்பளவைத் தாண்டினால் சர்க்கரை, இதய நோய்க்கான எச்சரிக்கை என்று மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பல்க்கில் 15 கிலோ ஏற்றுவதைப் பார்த்து நாம் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளங்கள். 73 கிலோவில் இருந்ததை விட ஐந்து செ.மீ. கூடிவிட்டால் நான் பல்க்கை நிறுத்திவிடுவேன், காலண்டர் என்ன சொன்னாலும் சரி. வீட்டில் சர்க்கரை நோய் இருந்தால் பல்க் தொடங்கும் முன் ஒருமுறை எச்.பி.ஏ.ஒன்.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள், தைராய்டுக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர் மருத்துவரைக் கேட்காமல் இந்த எண்களைத் தொட வேண்டாம்.

இனி கல்யாணக் கணக்கு. இப்போது வைகாசி. மூன்று வாரம் மெயின்டெனன்ஸ், அதன் பிறகு தீபாவளி வரை ஏறக்குறைய 22 வாரம் பல்க். வாரம் 200 கிராம் என்றால் 4.4 கிலோ, 77.5-ல் வந்து நிற்பீர்கள். அதற்குள் உங்கள் கலோரி 2470-லேயே இருக்காது. லைபெல் ஆய்வின் மறுபக்கம் இது, எடை கூடினால் செலவும் தேவைக்கு மேல் கூடும். ஐப்பசியில் 2700 சாப்பிட்டால்தான் அந்த 200 கிராம் ஏறும் என்ற நிலை வரலாம். வரட்டும்.

அப்போது கட்டிங் எண் எது? மறுபடி ஆப்பைத் திறக்காதீர்கள். 16 வார அனுபவத்தில் பழகிப்போன 1750-க்கும் குதிக்காதீர்கள். கடைசி மூன்று வார நோட்டை எடுங்கள். 2700 சாப்பிட்டு வாரம் 200 கிராம் ஏறியது என்றால் மெயின்டெனன்ஸ் 2480. இறங்கும் வேகம் வாரத்துக்கு எடையில் 0.7 சதவீதம், உங்களுக்கு 540 கிராம். அதற்கு 600 கலோரி பற்றாக்குறை. ஆக 1880, சுற்றாக 1900. அதே கார்தே 2011-ல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 0.7 சதவீதம் இறங்கிய வீரர்களுக்குக் கொழுப்பு குறைந்தபோதே தசை 2 சதவீதம் கூடியது. 1.4 சதவீத வேகத்தில் இறங்கியவர்களுக்குத் தசை கூடவில்லை. அவசரப்படாதவருக்குத்தான் அங்கே லாபம்.

இறங்கும்போதும் ஒரே படியாக இறங்கலாம். தீபாவளி முடிந்த திங்கட்கிழமை 2700, செவ்வாய் 1900. முதல் வாரத்தில் ஒன்று, ஒன்றரை கிலோ குறையும். போனது தண்ணீர், அதே கிளைகோஜன் கதை தலைகீழாக. அதைக் கண்டு மகிழ்ந்து, இன்னும் குறைத்தால் இன்னும் வேகம் என்று 1600-க்குப் போகாதீர்கள். இரண்டாம் வாரச் சராசரியிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். பாரத்தைக் குறைத்து ரெப்பைக் கூட்டு, தசையின் கோடுகள் (கட்) நன்றாகத் தெரியும் என்பார்கள், கேட்காதீர்கள். எந்தப் பாரத்தில் தசை வந்ததோ அந்தப் பாரம்தான் அதைக் காக்கும். செட்டுகளை (ஒரே பயிற்சியை எத்தனை சுற்று செய்கிறீர்கள் என்பதை) வேண்டுமானால் கொஞ்சம் குறைக்கலாம். ஸ்டெப்ஸைப் பல்க்கில் இருந்த அளவிலேயே பிடித்து வையுங்கள், 9000 என்றால் 9000. கட்டிங் நடுவில் எடை நின்றால் முதலில் தட்டைப் பார்க்காமல் நோட்டில் ஸ்டெப்ஸ் சராசரியைப் பாருங்கள். பல நேரம் 9000 யாருக்கும் தெரியாமல் 6500 ஆகியிருக்கும். அதைச் சரிசெய்தாலே எடை மறுபடி இறங்கும், ஒரு பருக்கை சோறு குறைக்க வேண்டியிருக்காது.

தீபாவளியிலிருந்து தை நடுவில் கல்யாணம் வரை பத்து வாரத்துக்குக் குறையாமல் கிடைக்கும். அதில் ஒன்பது வாரத்துக்குக் கட்டிங். பொங்கலுக்கு ஒரு நாள் மெயின்டெனன்ஸ் வைத்துக்கொள்ளுங்கள், சர்க்கரைப் பொங்கலை அளந்து சாப்பிடும் கொடுமை வேண்டாம். கடைசி வாரம் 1900-ல் இருக்காதீர்கள். கல்யாணத்துக்கு ஐந்து நாள் முன்பே, அன்றைய நோட்டுப்படி மெயின்டெனன்ஸ் எதுவோ அதற்கு ஏறிவிடுங்கள். முகத்தில் வாட்டம் போகும், தசை நிரம்பும், பந்தி பரிமாறவும் மண்டபத்தில் ஓடியாடவும் தெம்பு இருக்கும். தண்ணீரையும் உப்பையும் நிறுத்தும் ஆணழகன் போட்டி வித்தைகள் எதுவும் வேண்டாம். நீங்கள் மேடையில் நிற்கப்போவது தாய்மாமன்களோடு போட்டோ எடுக்கத்தான். அன்று இலையில் வைத்ததைச் சாப்பிடுங்கள். மறுநாள் காலை தராசு ஒன்றரை கிலோ கூடுதலாகக் காட்டும், அதையும் தேதி போட்டு எழுதிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் சராசரி போடுங்கள்.